ஏழு கிலோ அடுக்கு

பெட்டி அடுக்குவதில் ஒருவர் கைதேர்ந்தவரா என்று அவர் பெட்டியை மூடும்போது தெரியாது. திறக்கும்போது பார்க்க வேண்டும். அதற்குத் தோதான இடம் விமான நிலையத்தின் பாதுகாப்புச் சோதனை மேசை. எக்ஸ்ரே திரையில் எதையோ கண்டு காவலர் ஒரு பெட்டியைத் தனியே ஒதுக்குவார். பலருக்கு ஜிப்பை இழுத்ததுமே துணி பிதுங்கிக்கொண்டு வரும். சார்ஜர் ஒயர் ஒரு சட்டையையும் சேர்த்து இழுத்துவரும். கேட்ட பொருள் அடியில் கிடக்கும். ஒருவழியாக எடுத்துக் காட்டிவிட்டு மூடப்போனால் பெட்டி மூடாது. அபூர்வமாக ஒருவர் வருவார். ஜிப்பை முக்கால்வாசி திறந்து, குனிந்து பார்க்காமலே ஒரு மூலையில் கையை விடுவார். கேட்டது கையோடு வரும். காட்டிவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்து மூடுவார். மற்ற எதுவும் நகர்ந்திருக்காது. வரிசையில் பின்னால் நின்று அதைப் பார்க்கக் கிடைத்துவிட்டால் எனக்கு அன்றைய பயணமே நன்றாக அமைந்த மாதிரி.

நம் ஊரில் இந்தக் கலைக்கு எல்லை வகுத்திருப்பது தராசு. இந்திய உள்நாட்டு விமானங்களில் எகானமி பயணிக்கு வழக்கமாக ஒரு கேபின் பேக், 7 கிலோ. அளவு 55, 35, 25 செ.மீ.; மூன்றையும் கூட்டினால் 115. சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் எகானமியில் இதே 7 கிலோ, இதே 115 என்றுதான் வைத்திருக்கிறது. அமெரிக்காவின் பெரிய நிறுவனங்கள் 22, 14, 9 அங்குலம் என்று அளவை மட்டும் சொல்லும். உள்நாட்டுப் பயணத்தில் கைப்பெட்டியைத் தராசில் ஏற்றுவது அங்கே அரிது. சின்ன வேறுபாடு போலத் தெரிந்தாலும் அடுக்கும் முறையையே மாற்றிவிடுகிறது. ஆங்கிலப் பயண நூல்கள் சொல்லித்தரும் உத்திகள் பெரும்பாலும் இடத்தை மிச்சம் பிடிப்பவை. நமக்கு இடம் ஒரு பிரச்சினையே இல்லை.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 55, 35, 25 ஆகியவற்றைப் பெருக்கினால் 48 லிட்டர். சக்கரம், கைப்பிடிக் குழாய், சுவர் எல்லாம் போக உள்ளே சுமார் 35 லிட்டர் தேறும். நான்கு சக்கரக் கெட்டிப் பெட்டி காலியாகவே இரண்டரை, மூன்று கிலோ இருக்கும். மிச்சம் நான்கு கிலோ சொச்சம். நான்கு கிலோ துணியை ஒழுங்காக மடித்து வைத்தால் அந்த 35 லிட்டரில் பாதியைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். பெட்டி நிறைவதற்குள் தராசு நிறைந்துவிடுகிறது. இதனால்தான் துணியை அமுக்கிச் சுருக்கும் ஜிப் பைகளின் மேல் எனக்குப் பெரிய மோகம் இல்லை. அவை பிழிந்து வெளியேற்றுவது காற்றை. தராசில் தெரியும் அளவுக்கு அந்தக் காற்றுக்கு எடை இல்லை. அந்தப் பைகளுக்கோ எடை உண்டு.

ஆகவே முதல் முடிவு பெட்டியைப் பற்றியது. நான்கு சக்கரங்களில் வழுக்கிக்கொண்டு வரும் பெட்டி பார்க்க அழகு. ஆனால் 7 கிலோவில் மூன்றைத் தானே எடுத்துக்கொள்ளும் பெட்டியை நான் மெச்ச மாட்டேன். இரண்டு சக்கரத் துணிப் பெட்டி இரண்டு கிலோவை ஒட்டிக் கிடைக்கிறது; அங்கேயே ஒரு பட்டுப்புடவைக்கு இடம் பிறக்கிறது. சக்கரம் வந்த கதையும் சுவையானது. பெர்னார்ட் சாடோ என்ற அமெரிக்கர் 1970இல் பெரிய பெட்டியின் அடியில் நான்கு சக்கரம் மாட்டி, வாரால் இழுத்துப் போகும்படி செய்தார். 1972இல் காப்புரிமை கிடைத்தது. பெட்டியை நிமிர்த்தி, இரண்டு சக்கரம் வைத்து, நீட்டி மடக்கும் கைப்பிடி பொருத்தியவர் ராபர்ட் பிளாத். நார்த்வெஸ்ட் ஏர்லைன்ஸ் விமானி. 1987இல் தன் தேவைக்குச் செய்ததை முதலில் சக விமானிகளும் பணிப்பெண்களும்தான் வாங்கினார்கள். இன்று நாம் கேபின் பேக் என்று சொல்லும் உருவம், பெட்டியோடு வாழ்ந்த ஒருவர் கையிலிருந்து வந்தது.

அந்தக் கைப்பிடி ஒரு தொந்தரவையும் கூடவே கொண்டுவந்தது. அதன் இரு குழாய்களும் பெட்டியின் முதுகில் உட்புறமாக ஓடுகின்றன. பெட்டியைப் படுக்கவைத்துத் திறந்தால் தரை சமமாக இருக்காது. இரண்டு மேடு, அவற்றுக்கு இடையிலும் இருபக்கமும் மூன்று பள்ளம். சமதரை என்று எண்ணி இஸ்திரி போட்ட சட்டையை அதன் மேல் வைத்தால், ஊர் போய்ச் சேரும்போது சட்டையின் முதுகில் இரண்டு கோடு விழுந்திருக்கும். தெரிந்தவர் கை முதலில் அந்தப் பள்ளங்களுக்குப் போகும். உள்ளாடை, காலுறை, பனியன் எல்லாவற்றையும் விரல்தடிமனாகச் சுருட்டிப் பள்ளத்தை நிரப்பி, உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார். தரை மட்டமான பிறகுதான் அடுக்கே தொடங்குகிறது. ஒருவர் அப்படித் தடவிப் பார்ப்பதைக் கண்டால், மேற்கொண்டு பார்க்காமலே அவரை நம்பிவிடுவேன்.

பிறருடைய பெட்டியை அடுக்கிக் கொடுப்பது ஒரு காலத்தில் சம்பளத்துக்குச் செய்யும் தொழிலாக இருந்தது. ஜூரா மலைப் பகுதியிலிருந்து 1837இல் பாரிஸுக்கு வந்து சேர்ந்த லூயி வித்தோன் என்ற இளைஞன், மரேஷால் என்பவரின் பட்டறையில் பெட்டி செய்யவும் பொருள்களைக் கட்டி அடுக்கவும் கற்றுக்கொண்டான். குடை போல விரிந்த அந்தக் காலத்துப் பாவாடைகளை நசுங்காமல் பெட்டிக்குள் வைப்பது எல்லாருக்கும் கைவராது. மூன்றாம் நெப்போலியனின் மனைவி யூஜெனி அரசிக்கு ஆடை அடுக்கிக் கொடுத்தவர் அவர். 1854இல் சொந்தக் கடை வைத்தார். 1858இல், குவிந்த மூடிக்குப் பதிலாகத் தட்டையான மூடி வைத்த டிரங்குப் பெட்டியைக் கொண்டுவந்தார். குவிந்த மூடியில் மழைநீர் வழிந்தோடும், ஆனால் ஒன்றன் மேல் ஒன்று நிற்காது. தட்டை மூடி ரயிலிலும் கப்பலிலும் அடுக்கி வைக்கத் தோதாக இருந்தது. லூயி வித்தோன் என்ற பெயருக்கு இன்று கொடுக்கும் விலையைப் பற்றி நான் பேசவில்லை. அதற்கு முன்னால் ஒரு மடிப்புக்காரரின் கை இருந்தது என்பதுதான் எனக்குப் பிடித்த செய்தி.

மடிப்பு என்றதும் சுருக்கம் வந்துவிடுகிறது. பருத்தி இழை செல்லுலோஸால் ஆனது. அதன் மூலக்கூறுச் சங்கிலிகளை ஒன்றோடொன்று பிடித்து வைத்திருப்பவை ஹைட்ரஜன் பிணைப்புகள். ஈரமும் சூடும் பட்டால் அந்தப் பிடி தளரும். காய்ந்து ஆறும்போது துணி எந்த வளைவில் இருக்கிறதோ அந்த வளைவிலேயே மறுபடி இறுகும். இஸ்திரி வேலை செய்வதும் இதனால்தான், சுருக்கம் விழுவதும் இதனால்தான். இஸ்திரிக்காரரிடம் வாங்கிய சூட்டோடு சட்டையைப் பெட்டிக்குள் வைக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொன்னதில் இந்த வேதியியல் அத்தனையும் இருக்கிறது. சூடு ஆறி, ஈரப்பதம் போக ஒரு மணி நேரம் கொடியிலோ நாற்காலியிலோ கிடக்கட்டும். சென்னை போன்ற புழுக்கமான ஊரில் இன்னும் சற்று நேரம் கிடந்தாலும் தகும்.

மடிப்பின் வளைவு கூர்மையாக இருந்தால் கோடு விழும். அகலமாக இருந்தால் விழாது. சுருட்டுவது, மடிப்புக்குள் மெல்லிய தாள் வைப்பது, ஒன்றைச் சுற்றி ஒன்றாகப் பொதிவது எல்லாம் இந்த ஒரே உண்மையின் வழிகள். இவற்றில் பார்க்க மிக அழகானது பொதிவது. நடுவில் உள்ளாடைகள் வைத்த சின்னப் பை ஒன்று. அதைச் சுற்றி பனியன்கள், அவற்றைச் சுற்றி சட்டைகள், வெளியே பேன்ட். கைகளையும் கால்களையும் எதிரெதிர்த் திசையில் மாற்றி மாற்றிச் சுற்றிக்கொண்டே போனால் எங்கும் கூர்மையான மடிப்பு விழாது. கடைசியில் தலையணை போன்ற ஒரு பொதி கிடைக்கும். கோட் சூட் போடுகிறவர்கள் இதைச் செய்து பார்க்க வேண்டும். ஆனால் உள்ளே இருக்கும் ஒரு பனியன் வேண்டுமென்றால் அத்தனையையும் பிரிக்க வேண்டும். ஒரே ஊருக்குப் போய், போனதும் அலமாரியில் மாட்டிவிடுகிறவருக்கு இது பொருந்தும். ஊர் ஊராகப் போகிறவருக்கு ஆகாது.

சுருட்டுவது பின்னல் துணிகளுக்கு நல்லது. டி-ஷர்ட்டின் அடி ஓரத்தை நான்கு விரல் அகலம் வெளிப்பக்கமாகப் புரட்டிவிட்டு, கழுத்திலிருந்து சுருட்டிக்கொண்டு வந்து, அந்தப் புரட்டலைச் சுருளின் மேல் கவிழ்த்துப் பூட்டும் முறை ராணுவத்தில் புழங்குவது. உதறினாலும் அவிழாது. ஆனால் எல்லாவற்றையும் சுருட்டினால் இடம் மிஞ்சும் என்பதை நான் ஏற்க மாட்டேன். உருளைகளை நேர்வரிசையில் அடுக்கினால் இடத்தில் 78 விழுக்காடுதான் நிரம்பும். தேனடை வரிசையில் நெருக்கினாலும் 91ஐத் தாண்டாது. துணி நசுங்கிக் கொடுப்பதால் கொஞ்சம் சரியாகிறது. இயல்பிலேயே தட்டையாக இருப்பதை ஏன் உருளையாக்க வேண்டும்?

இங்கேதான் புடவைக்கு வருகிறேன். தையல் போட்ட உடைக்குத் தோள் உண்டு, காலர் உண்டு, கைக்குழி உண்டு. ஓர் உடம்பின் வடிவத்தை அது பெட்டிக்குள்ளும் சுமந்துவருகிறது. புடவையும் வேட்டியும் அப்படியல்ல. என் பெரியம்மா மகள், எனக்கு அக்கா, பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். உறவில் ஒரு கல்யாணத்துக்குச் சிங்கப்பூர் போக, ஒரே ஒரு கேபின் பேக்கில் அவர் அடுக்கியதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். நான் பார்த்தவற்றில் மிகச் சிறந்த அடுக்கு அதுதான்.

புடவையின் அகலம் நாற்பத்தைந்து அங்குலம் சொச்சம். நான்காக மடித்தால் ஏறக்குறைய 29 செ.மீ. ஐந்தரை மீட்டர் நீளத்தை நான்கு முறை பாதி பாதியாக மடித்தால் 34 செ.மீ. ஆக 64 படலம், இரண்டு விரல் தடிமனில் ஒரு செவ்வகம். 35 செ.மீ. அகலப் பெட்டிக்குள் அது உட்கார்ந்ததும் பக்கத்தில் மூன்று, நான்கு செ.மீ. சந்து மிஞ்சியது. சுருட்டிய ரவிக்கைகள் அந்தச் சந்துக்குப் போயின. நீளவாக்கில் மிஞ்சிய ஒரு சாண் இடம் செருப்புக்கும் குளியல் பொருள்களுக்கும். கைத்தறியில் நெய்தவர் இந்தப் பெட்டியை நினைத்து நெய்யவில்லை. ஆனாலும் அளவு அப்படிப் பொருந்துவதைப் பார்க்கையில் எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் இன்னும் குறையவில்லை.

மூன்று புடவைகளையும் ஒரே பக்கமாக வைக்கவில்லை அக்கா. ஜரிகைக் கரை மடிந்து வரும் பக்கம் தடிப்பாக இருக்கும், எதிர்ப்பக்கம் மெலிசு. ஒன்றின் தடித்த பக்கத்தின் மேல் அடுத்ததன் மெலிந்த பக்கம் வரும்படி திருப்பித் திருப்பி வைத்தார். அடுக்கு சாயாமல் நின்றது. புடவைக் கடைகளில் விற்பனையாளர்கள் பேச்சை நிறுத்தாமலே இதைச் செய்வதைக் கவனித்திருக்கலாம். பட்டுப்புடவையை மட்டும் வீட்டில் இருந்த மடிப்பிலேயே எடுத்து வைக்காமல், பிரித்து வேறு இடத்தில் மடித்தார். ஜரிகை ஒரே கோட்டில் நெடுநாள் மடிந்து கிடந்தால் அந்தக் கோட்டிலேயே இற்றுவிடும். நடு மடிப்புக்குள் பழைய மல் துணி ஒன்றைச் சுருட்டி வைத்தார், வளைவு அகலமாகிவிட்டது.

இதைவிட நுட்பமானது அதற்கு முன்பே நடந்திருந்தது. பட்டு ஒன்று, சுமார் 800 கிராம். மற்ற இரண்டும் பருத்தி, ஒவ்வொன்றும் அரைக் கிலோவுக்குள். அந்த இரண்டையும் அவர் தேர்ந்தெடுத்தது உள்பாவாடையை வைத்து.

“மெரூன் பட்டுக்கு எடுத்த பாவாடையே சுங்குடிக்கும் ஆகணும். ஆகலைன்னா அந்தச் சுங்குடி இந்தத் தடவை வராது” என்றார்.

“அந்தப் பச்சைப் புடவை உங்களுக்கு எடுப்பா இருக்குமே, அக்கா?”

“எடுப்பாத்தான் இருக்கும். ஆனா அதுக்குன்னு தனியா ஒரு பாவாடை, ஒரு ரவிக்கை எடுக்கணுமே! மூணும் சேர்ந்தா ஒரு கிலோ. நீ முதல்ல எதைத் தொடுவேன்னு யோசிச்சிக்கோ. அதைக் கடைசியா வை. மத்ததெல்லாம் தானா இடம் பிடிச்சுக்கும்.”

இறங்கிய அன்றைக்குக் குளித்துவிட்டுக் கட்டப்போகும் பருத்திப் புடவை, அதற்கான ரவிக்கை, பாவாடை, துண்டு ஆகியவை மேலே ஒரு தட்டாக இருந்தன. மூன்றாம் நாள் கல்யாணத்துக்கான பட்டு அடியில். துண்டு ஈரிழைத் துண்டு. இதைப் பற்றிச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. பூப்போட்ட டர்க்கி டவல் ஒன்று அரைக் கிலோவுக்குக் குறையாது, நனைந்தால் மறுநாள் வரை ஈரம் போகாது. நம் ஈரிழைத் துண்டு அதில் கால்வாசி எடைதான் இருக்கும். மின்விசிறிக் காற்றில் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். வெளிநாட்டுக் கடைகளில் பயணத் துண்டு என்று நுண்ணிழை பாலியெஸ்டரை விற்கிறார்கள். அது தண்ணீரை எடுக்கும், ஆனால் உடம்பில் படும்போது ஒட்டிக்கொண்டு இழுக்கும். ஈரிழைக்கு இணை நான் எங்கும் பார்த்ததில்லை. செருப்பு ஒரு மஞ்சப்பைக்குள், சக்கரப் பக்கமாக. பெட்டியை நிமிர்த்தும்போது கனமானது அடியில் இருந்தால்தான் பெட்டி கவிழாது. மேலே இருந்தால் அது சரிந்து புடவையின் மேல் விழும். இன்னொரு மஞ்சப்பை காலியாக, அழுக்குத் துணிக்கு.

திரவங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2006 ஆகஸ்டில் லண்டனில் திரவ வெடிபொருள் சதி ஒன்று அம்பலமான பிறகு வந்த கட்டுப்பாடு பல நாடுகளில் இன்றும் நடப்பில் இருக்கிறது: ஒரு குப்பி 100 மி.லி., எல்லாம் சேர்ந்து ஒரு லிட்டர் தெளிவான பைக்குள். ஊறுகாய் இந்தக் கணக்கில் தோற்கும், பருப்புப் பொடி ஜெயிக்கும். பறக்கும்போது கேபினில் காற்றழுத்தம் தரையில் இருப்பதைவிட ஏறக்குறைய கால்பங்கு குறையும். குப்பிக்குள் அடைபட்ட காற்று விரிந்து எண்ணெயை வெளியே தள்ளும். மென்மையான குப்பியை லேசாக அமுக்கிக் காற்றை வெளியேற்றிவிட்டு மூடியைத் திருகினால் கசியாது.

பவர் பேங்கின் இடம் மட்டும் கவனமாக யோசிக்க வேண்டியது. விமானம் நிறைந்துவிட்டால் ஏறும் வாசலிலேயே கேபின் பேக்கை வாங்கிக் கீழே சரக்கறைக்கு அனுப்பிவிடுவார்கள். பவர் பேங்க் அங்கே போகக் கூடாது. லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் கவனிக்க அங்கே ஆளில்லை. அந்தக் கடைசி நிமிடத்தில், பின்னால் கூட்டம் நெருக்கும்போது, நின்றபடியே ஒரு கையால் அதை எடுக்க முடிய வேண்டும். அக்கா அதையும் மருந்தையும் கடவுச்சீட்டையும் வெளிப்பக்கச் சிறு ஜிப்பில் ஒரே பையில் போட்டிருந்தார். பெட்டி கைவிட்டுப் போனாலும் அந்தப் பை தோளுக்கு வந்துவிடும்.

எதை எந்த வரிசையில் வைப்பது என்பதை நம்மிடையே வழிபாடாகவே காத்துவருவது சபரிமலை இருமுடி. முன்முடியில் நெய்த்தேங்காயும் பூசைப் பொருள்களும். பின்முடியில் நடப்பவருக்கு வேண்டிய அரிசி முதலான உணவுப் பொருள்கள். குருசாமி முன்னிலையில் வரிசை தவறாமல் நிரப்பிக் கட்டுகிறார்கள். இரண்டு முடியின் கனமும் பதினெட்டாம் படி வரை தலையில் நிற்கும்படி இருக்க வேண்டும். கேபினுக்குள் தேங்காய் கூடாது என்ற விதியை, 2024 அக்டோபரில், அந்த ஆண்டின் மண்டல, மகரவிளக்குக் காலத்துக்காக விமானப் பாதுகாப்புத் துறை இருமுடிக்கு மட்டும் தளர்த்தியது. கேபினுக்குள் போகும் அடுக்குகளில் இதைவிடப் பழைய ஒழுங்கு உள்ள ஒன்று எனக்குத் தெரியாது.

பட்டியல் எழுதி அடுக்குகிறவர்களையும் நான் மதிக்கிறேன். அமெரிக்க எழுத்தாளர் ஜோன் டிடியன், செய்தி சேகரிக்க அடிக்கடி கிளம்பிப் போன காலத்தில், எடுக்க வேண்டிய பொருள்களின் பட்டியலை அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டி வைத்திருந்தார். 1979இல் வந்த ‘த வொய்ட் ஆல்பம்’ நூலில் அதை அப்படியே கொடுத்திருக்கிறார். பாவாடை இரண்டு, காலணி இரண்டு ஜோடி, தட்டச்சுப் பொறி, வீட்டுச் சாவி என்று போகிறது. அதில் கைக்கடிகாரம் விட்டுப்போயிருந்ததையும் அவரே எழுதுகிறார். யோசிக்காமல் கை போகும்படி ஒரு பட்டியலை அமைப்பதற்குப் பல பயணங்களின் யோசனை வேண்டியிருக்கிறது. அக்காவிடம் தாள் இல்லை. கட்டிலில் எல்லாவற்றையும் பரப்பி, தலையிலிருந்து கால்வரை ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொல்லித் தொட்டுப் பார்த்தார்: சீப்பு, பொட்டு, கண்ணாடி, மருந்து என்று செருப்பு வரை. தராசில் தூக்கியபோது ஆறரைக் கிலோ காட்டியது.

மிஞ்சிய அரைக் கிலோவை அவர் பெட்டியில் நிரப்பவில்லை. போகும்போது பருப்புப் பொடியையும் இட்லிப் பொடியையும் தனியே கைப்பையில் கொண்டுபோய்க் கொடுத்தார். பெட்டியில் விட்ட அரைக் கிலோ, திரும்பும்போது பேரப்பிள்ளைகளுக்கான சாமான்களுக்கு. பலருடைய திறமை போகும் வழியோடு முடிந்துவிடுகிறது; திரும்பும் பெட்டி அள்ளித் திணித்ததாக இருக்கும். கட்டிய புடவை அழுக்கானாலும் அதன் அளவு மாறுவதில்லை. மடித்தால் அதே 29, அதே 34. திரும்பிவந்த அன்று அக்கா வீட்டில் பெட்டியைத் திறக்கும்போது நான் இருந்தேன். மேல் தட்டில் பிள்ளைகளின் சாக்லெட்டும் பொம்மையும். முதலில் தொடப்போவது அவைதானே. அவற்றுக்குக் கீழே, கட்டிப் போட்ட மூன்று புடவைகளும் தடித்த பக்கமும் மெலிந்த பக்கமும் மாறி மாறி, போகும்போது வைத்தது போலவே சாயாமல் இருந்தன.